ஒரே நுகத்தில் இரு காளைகள்

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்தமர்ந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கணித ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பேசுபவர். அன்று அவர் முகத்தில் அமைதி இல்லை.

“தோத்திரம், சாமி. பேத்தி விஷயமாக ஒரு யோசனை கேட்க வந்தேன்” என்றார்.

அவருடைய மூத்த மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அங்கேயே பிறந்து வளர்ந்த பேத்திக்கு, அந்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயந்திரப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அக்கடிதத்தைத் தொடர்ந்து இன்னொரு கடிதமும் வந்தது. அதே பல்கலைக்கழகத்தின் ‘ஆனர்ஸ் கல்லூரி’யிலும் சேருமாறு அவளை அழைக்கும் கடிதம் அது. சேர்ந்தால் பொறியியலோடு இலக்கியமும் தத்துவமும் வரலாறும் சிறு குழுக்களில் படிக்க வேண்டும். இறுதியாண்டில் தனியாக ஓர் ஆய்வேடும் எழுத வேண்டும்.

“பிள்ளை சேர்ந்தே தீருவேன் என்கிறாள். என் மகன் கூடாது என்கிறான். ‘பொறியியலே ஒரு கடல், அதை நீந்தும்போது முதுகில் இன்னொரு மூட்டையா? மதிப்பெண் குறைந்தால் உதவித்தொகை போய்விடும்’ என்று கோபிக்கிறான். வீட்டில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. மே 1ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இருவரும் தனித்தனியே எனக்குத் தொலைபேசியில் பேசுகிறார்கள். நான் யார் பக்கம் பேசுவது, சாமி?”

நாம் குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்றவர்கள். திருகாணி முடுக்கக் கற்றவர்கள் அல்லர். எனவே, “ஒரு வாரம் பொறுங்கள், வாத்தியாரே. விசாரித்துச் சொல்கிறோம்” என்று அனுப்பிவைத்தோம். குருமடத்தில் நம்மோடு படித்த தோழர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர்களிடையே ஆன்மப்பணி ஆற்றிவருகிறார். அவரிடம் பேசினோம். சில பல்கலைக்கழகங்களின் விதிமுறைகளையும் படித்தோம். நம் பங்குகளில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அந்நாட்டில் படிக்காத குடும்பங்கள் இன்று குறைவு. ஆகவே அப்பெரியவருக்குச் சொன்னவற்றை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

ஆனர்ஸ் என்பது யாது?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய பி.ஏ. ஆனர்ஸ் பட்டத்தை நம் மூத்த வாசகர்கள் அறிவார்கள். ஒரே பாடத்தை ஆழமாகப் படித்துப் பெறும் உயர்ந்த பட்டம் அது. இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்த முறை. அமெரிக்காவின் ஆனர்ஸ் முறையும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். ஆனால் கிளை வேறு திசையில் வளர்ந்துவிட்டது.

பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு அருகே, ஸ்வார்த்மோர் என்றொரு சிறு கல்லூரி உண்டு. குவேக்கர் சபையினர் 1864இல் நிறுவியது. 1921இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் ஏடலாட் என்பவர், ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். எல்லா மாணவரையும் ஒரே வேகத்தில் அணிவகுத்து நடக்கச் செய்யும் கல்விமுறை அவருக்கு ஒவ்வவில்லை. 1922இல் அவர் ஒரு புதுமையைத் தொடங்கினார். தேர்ந்தெடுத்த மாணவர்கள் கடைசி இரண்டு ஆண்டுகளில் வழக்கமான வகுப்புகளை விட்டு, சிறு குழுக்களாக அமர்ந்து படித்து, எழுதி, விவாதிக்க வேண்டும். இறுதியில் அவர்களைத் தேர்வு செய்வோர் அவர்களுடைய ஆசிரியர்கள் அல்லர். வெளியிலிருந்து வரும் அறிஞர்கள். இதனால் ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே நில்லாமல் ஒரே பக்கத்தில் நிற்கும் நிலை பிறந்தது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அம்முறை அங்கே நடைபெறுகிறது. அக்கல்லூரியில் பொறியியல் துறையும் உண்டு. அத்துறை மாணவரும் ஆனர்ஸ் வழியில் செல்லலாம்.

பல்லாயிரம் மாணவர்கள் பயிலும் பெரிய பல்கலைக்கழகங்கள் இக்கருத்தை வேறு விதமாக எடுத்துக்கொண்டன. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் 1935இல் ‘பிளான் டூ’, அதாவது இரண்டாம் திட்டம், தொடங்கியது. வழக்கமான பாடத்திட்டம் முதல் திட்டம் என்பதால் இதற்கு இப்பெயர். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கிய முயற்சி, 1997இல் ஷ்ரையர் தம்பதியர் அளித்த 3 கோடி டாலர் நன்கொடையால் ஆனர்ஸ் கல்லூரியாக உயர்ந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆனர்ஸ் கல்லூரி 1988இல் தோன்றியது. 2000ஆம் ஆண்டில் கிரெய்க் பாரெட், பார்பரா பாரெட் தம்பதியர் 1 கோடி டாலர் வழங்கவே, அவர்கள் பெயரைத் தாங்கிற்று. இந்தக் கிரெய்க் பாரெட் யார் தெரியுமா? கணிப்பொறிச் சில்லுகள் செய்யும் இன்டெல் நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர். அதற்குமுன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உலோகங்களையும் பிற பொருள்களையும் பற்றிய பொறியியலைக் கற்பித்தவர். பழங்காவியங்கள் முதல் இக்காலச் சிந்தனையாளர் வரை முதலாண்டிலேயே படிக்கவைக்கும் ஒரு கல்லூரிக்குப் பொறியியல் அறிஞர் ஒருவர் கொடை கொடுத்தார் என்பது சிந்திக்கத்தக்கதன்றோ!

ஊருக்கு ஊர் விதிகள் மாறினாலும், சில கூறுகள் பொதுவானவை. ஏறத்தாழ இருபது பேர் கொண்ட சிறு வகுப்பு. பல இடங்களில் தனி விடுதி. பாடங்களை மற்றவர்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளும் உரிமை. இறுதியில் ஓர் ஆய்வேடு. இவற்றோடு, 4க்கு 3.25 முதல் 3.5 வரை குறைந்தபட்சச் சராசரி மதிப்பெண்ணையும் காத்துவர வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் முதலில் எச்சரிக்கை வரும். பின்பு இடம் போகும்.

தந்தையின் அச்சம் பொய்யன்று

பேத்தியின் தந்தை சொன்னதையும் நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. அமெரிக்காவில் படிப்பைக் ‘கிரெடிட்’ என்னும் அலகால் அளக்கிறார்கள். ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பும், அதற்காக வெளியே இரண்டு மணி நேர உழைப்பும் சேர்ந்தது ஒரு கிரெடிட். கலைப் பட்டத்திற்கு 120 கிரெடிட் போதும். பொறியியலுக்கோ பல இடங்களில் 128, அல்லது அதற்கும் மேல். எட்டுப் பருவங்களுக்கு வகுத்தால் பருவத்திற்கு 16. அதாவது வாரத்திற்கு 48 மணி நேர உழைப்பு. ஆய்வுக்கூட வகுப்புகளோ, கொடுக்கும் கிரெடிட்டைவிட அதிக நேரத்தை வாங்கிக்கொள்பவை.

பொறியியல் படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்கும் ‘ஏபெட்’ என்னும் அமைப்பு, கணிதமும் அடிப்படை அறிவியலும் குறைந்தது 30 கிரெடிட், பொறியியற் பாடங்கள் குறைந்தது 45 கிரெடிட் இருத்தல் வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. எனவே கல்லூரி விரும்பினாலும் இவற்றைக் குறைக்க இயலாது. மேலும், பொறியியற் பாடங்கள் சங்கிலிக் கண்ணிகள் போன்றவை. நுண்கணிதம் தேறாமல் நிலையியல் இல்லை. நிலையியல் தேறாமல் இயக்கவியல் இல்லை. இவை தேறாமல் மூன்றாமாண்டுப் பாடங்கள் இல்லை. சில பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடைபெறும். ஒரு கண்ணி தவறினால் ஓராண்டே தள்ளிப்போகக்கூடும். இலக்கிய மாணவர் கம்பனை இப்பருவம் படிக்காவிட்டால் அடுத்த பருவம் படிக்கலாம்; பொறியியல் மாணவருக்கு அந்த வசதி குறைவு.

இனி ஆனர்ஸ் கணக்கைப் பாருங்கள். அரிசோனாவில் நான்காண்டு மாணவர் 36 ஆனர்ஸ் கிரெடிட் பெற வேண்டும். பொறியியலின் 128உடன் இதனை அப்படியே கூட்டினால் 164. எட்டால் வகுத்தால் பருவத்திற்கு இருபதரை. வாரத்திற்கு அறுபது மணி நேரத்திற்கும் மேல். மனிதப்பிறவி தாங்காது! தந்தை மனத்தில் போட்ட கணக்கு இதுதான். கூட்டல் சரி. ஆனால் கூட்டவேண்டிய இடமா அது என்பதே கேள்வி.

கூட்டல் அன்று, இணைத்தல்

நம் தோழர் தொலைபேசியில் கூறிய முதல் செய்தி இதுவே: “இரண்டையும் தனித்தனியே சுமக்கிற மாணவர்கள் இரண்டாமாண்டில் விழுந்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் பூட்டத் தெரிந்தவர்கள் கரைசேர்கிறார்கள்.” அந்தப் பூட்டு மூன்று இடங்களில் அமைகிறது என்று அறிந்தோம்.

முதலாவது, பொதுப்பாடங்கள். பொறியியல் மாணவரும் மொழி, வரலாறு, சமூகவியல் போன்றவற்றில் சில பாடங்களைப் படித்தே ஆகவேண்டும். பட்டத்தின் 128 கிரெடிட்டுக்குள் அவை ஏற்கெனவே அடக்கம். ஆனர்ஸ் கல்லூரியின் இலக்கிய, தத்துவ வகுப்புகள் பெரும்பாலும் இப்பொதுப்பாடங்களுக்கு ஈடாகக் கணக்கிடப்படுகின்றன. அதாவது, முந்நூறு பேர் அமரும் மண்டபத்தின் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டு முடித்திருக்கக்கூடிய ஒரு பாடத்தை, இருபது பேர் சுற்றி அமர்ந்து வாதிடும் அறையில் முடிக்கிறார். கிரெடிட் ஏறவில்லை, வகுப்பு மாறுகிறது. ஆயினும் படிப்பதும் எழுதுவதும் அங்கே அதிகம் என்பதை மறைக்கலாகாது.

இரண்டாவது, ‘ஆனர்ஸ் ஒப்பந்தம்’. வெப்ப இயக்கவியல் வகுப்பை எப்படியும் படிக்கத்தான் வேண்டும். அப்பாடத்தின் பேராசிரியரிடம் பருவத் தொடக்கத்திலேயே சென்று, வழக்கமான பாடத்தோடு கூடுதலாக ஒரு சிறு ஆய்வு செய்வதாக எழுத்தில் ஒப்புக்கொண்டால், அதே பாடம் ஆனர்ஸ் கணக்கிலும் ஏறுகிறது. ஒரே விறகில் இரண்டு அடுப்பு எரிவதைப் போல. ஆனால் பேராசிரியர் மனம் ஒப்ப வேண்டும். மாணவர் தாமே சென்று கேட்க வேண்டும். கூச்சப்படும் பிள்ளைகள் இந்த வாய்ப்பை இழந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, ஆய்வேடு. பொறியியல் மாணவர்கள் ஒரு பெரிய வடிவமைப்புப் பணியைச் செய்து முடிக்க வேண்டும் என்பது ஏபெட் விதி; பெரும்பாலும் இறுதியாண்டில் குழுவாகச் சேர்ந்து அதனைச் செய்கிறார்கள். ஆனர்ஸ் ஆய்வேடோ தனியொருவர் எழுதவேண்டியது. இரண்டும் வெவ்வேறாக நின்றால் இறுதியாண்டு நரகமாகிவிடும். குழு செய்யும் இயந்திரத்தின் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துத் தனி ஆய்வேடாக வளர்த்துக்கொள்ளப் பல துறைகள் இசைகின்றன. சில துறைகள் இசைவதில்லை. இதனை மூன்றாமாண்டின் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிய வேண்டும். இறுதியாண்டில் கேட்பது மழை பெய்தபின் கூரை வேய்வதாகும்.

இவ்வழி போதாது, இரண்டு பட்டங்களே வேண்டும் என்போருக்கும் வழி உண்டு. ஆஸ்டினில் பொறியியலையும் பிளான் டூவையும் சேர்த்து இரட்டைப் பட்டமாகப் படிக்கலாம். திருச்சிலுவைச் சபைக் குரு எட்வர்டு சோரின் 1842இல் இந்தியானா மாநிலத்தில் தொடங்கிய நோட்டர் டேம் பல்கலைக்கழகம், 1873இலேயே சிவில் பொறியியல் கற்பிக்கத் தொடங்கியது. அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுள் பொறியியலில் அதுவே முன்னோடி. அங்கே கலைப் பட்டமும் பொறியியல் பட்டமும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. இத்தகைய படிப்புகள் பெயர் பெற்றவை. ஆனால் கூடுதலாக ஓராண்டு என்றால் கூடுதலாக ஓராண்டுக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் என்பதைக் குடும்பம் மறக்கலாகாது.

ஒரு கோபுரமும் ஒரு மாணவியும்

“எல்லாம் சரி, சாமி. இணைக்க முடியும் என்றே வைத்துக்கொள்வோம். எதற்காக இணைக்க வேண்டும்?” என்று நம் ஆசிரியர் கேட்டார். கணிதம் படித்தவர் அல்லவா! அவருக்கு நாம் சொன்ன விடை ஓர் உண்மைக் கதை.

நியூயார்க் நகரின் மையத்தில் 1977இல் சிட்டிகார்ப் என்னும் வங்கியின் கோபுரம் எழுந்தது. 59 மாடிகள், 279 மீட்டர் உயரம். அக்கோபுரத்திற்கு ஒரு விந்தை உண்டு. அந்த மனையின் ஒரு மூலையில் லூத்தரன் சபையாரின் புனித பேதுரு ஆலயம் இருந்தது. பழைய ஆலயம் இருந்த மூலையிலேயே புதிய ஆலயம் எழவேண்டும். அதனூடே கோபுரத்தின் தூண்கள் எவையும் இறங்கலாகாது என்பது சபையாரின் நிபந்தனை. எனவே கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமஷூரியர், தூண்களை நான்கு மூலைகளிலும் நிறுத்தாமல், நான்கு பக்கங்களின் நடுவில், ஒன்பது மாடி உயரத்திற்கு நிறுத்தினார். பொய்க்கால்கள் மேல் நிற்கும் மாளிகை என்றே அதனைச் சொல்லலாம்.

மறு ஆண்டு, 1978இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டயான் ஹார்ட்லி என்னும் இளநிலைப் பொறியியல் மாணவி தமது இறுதியாண்டு ஆய்வேட்டிற்கு இக்கோபுரத்தை எடுத்துக்கொண்டார். பிரின்ஸ்டனில் ஆனர்ஸ் கல்லூரி என்று தனியாக ஒன்று இல்லை. ஆனால் ஆனர்ஸ் முறையின் உயிரான இறுதியாண்டு ஆய்வேடு அங்கே நெடுநாள் மரபு. அவருக்கு வழிகாட்டிய பேராசிரியர் டேவிட் பில்லிங்டன், பாலங்களையும் கோபுரங்களையும் எண்களாக மட்டுமன்றிக் கலையாகவும் சமூகப் பணியாகவும் காணக் கற்பித்தவர். ஆகவே அம்மாணவியின் ஆய்வேடும் அறிவியல், சமூகம், அடையாளம் என்னும் மூன்று நோக்கிலும் அக்கட்டடத்தை ஆராய்ந்தது.

கணக்கிடும்போது அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. காற்று ஒரு பக்கத்தின் மேல் நேராக மோதுவதைக் கணக்கிடுவதே அந்நாளைய நகர விதி. மூலைவாக்கில், இரண்டு பக்கங்களையும் ஒருசேரத் தாக்கினால்? தூண்கள் மூலையில் இல்லாத கட்டடமாயிற்றே! அவர் கணக்கில் விசை அதிகமாகவே வந்தது. பொறியாளரின் அலுவலகத்தைக் கேட்டார். கட்டடம் உறுதியானதே என்ற பதில் கிடைத்தது. மாணவிதானே, அவர் அதனை ஏற்றுக்கொண்டு ஆய்வேட்டை முடித்துவிட்டார்.

அதே ஆண்டுக் கோடையில் லெமஷூரியர் தம் கணக்கை மீண்டும் எடுத்துப் பார்த்தார். பற்றவைத்து இணைத்திருக்க வேண்டிய எஃகுத் துண்டுகளைச் செலவு கருதித் திருகாணிகளால் இணைத்திருப்பதையும், மூலைக் காற்றின்போது அவ்விணைப்புகள் பலவீனமானவை என்பதையும் கண்டார். மறைத்துவிடவில்லை; வங்கியாரிடம் சென்று உண்மையைச் சொன்னார். பல வாரங்கள் இரவு நேரங்களில் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து இணைப்புகளை வலுப்படுத்தினார்கள். 1995இல் ஒரு வார இதழ் எழுதிய பிறகே மக்கள் இதனை அறிந்தார்கள். அவரை மீண்டும் எண்ணவைத்தது ஹார்ட்லியின் கேள்வியா, வேறொரு மாணவரின் கேள்வியா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதையும் பிற்கால ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஓர் இளநிலை மாணவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி என்பதில் ஐயமில்லை.

இக்கதையில் இரண்டு பாடங்கள் உள. பாடநூலின் பின்பக்கத்தில் விடை இருக்கும் கணக்குகளை மட்டும் போட்டுப் பழகியவருக்கு அந்தக் கேள்வி எழுந்திருக்காது. ஒரு பொருளை ஓராண்டுக் காலம் தமதாக்கிக்கொண்டு எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்ததால் எழுந்தது. இது முதற்பாடம். கேள்வி எழுவது மட்டும் போதாது. பெரியவர்கள் “சரிதான், போ” என்று சொல்லும்போது, பணிவோடு, ஆனால் விடாமல், “ஐயா, இந்தக் கணக்கை ஒருமுறை காட்டுங்கள்” என்று கேட்கும் நாவும் எழுத்தும் துணிவும் வேண்டும். இது இரண்டாவது. இருபது பேர் அமர்ந்த அறையில் பழைய நூல் ஒன்றை வைத்து வாதிட்டுப் பழகுவது வீண் அலங்காரம் அன்று. இந்தத் துணிவுக்கான பயிற்சி. கட்டடத்தில் குடியிருக்கப்போவது மனிதர்கள் அல்லவா?

யார் சேரலாகாது?

ஆயினும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது உரியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சான்றிதழில் ஒரு வரி கூடுதலாக வரும் என்பதற்காகச் சேர்பவர்கள் ஏமாறுவார்கள். வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் அந்த வரியைவிட, என்ன செய்யத் தெரியும் என்றே கேட்கின்றன. மேற்படிப்புக்குச் செல்வோருக்கு ஆய்வேடு உண்மையிலேயே கைகொடுக்கும். படித்து முடித்தவுடன் தொழிற்சாலைக்குச் செல்ல விரும்புவோருக்கு அவ்வளவாக இல்லை. அவர்களுக்கு வேறொரு வழி ஏற்றதாக இருக்கலாம். 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கிய முறை ஒன்று உண்டு. மாணவர் சில மாதம் வகுப்பிலும் சில மாதம் தொழிற்சாலையிலும் மாறிமாறி இருப்பது அது. அதனையும் ஆனர்ஸையும் சேர்த்து நடத்துவது இயலும். ஆனால் கால அட்டவணை மிக நெருக்கடியாகும்.

மதிப்பெண் அச்சம் மிகுந்த பிள்ளைகளும் தயங்கலாம். முதலாண்டு நுண்கணிதமும் இயற்பியலும் பள்ளியில் முதலிடம் பெற்றவர்களையே தடுமாறச் செய்கின்றன. அத்தடுமாற்றத்தின்போது ஆனர்ஸ் விதித்த சராசரி தலைக்குமேல் கத்தியாகத் தொங்கினால், சிலர் கடினமான பாடங்களைத் தவிர்த்து எளியவற்றைத் தேடத் தொடங்குகிறார்கள். கேள்வி கேட்கக் கற்பிக்க வந்த படிப்பு, கேள்விக்கு அஞ்சவைத்துவிடுகிறது. அந்நிலை வந்தால் ஆனர்ஸிலிருந்து விலகிவிடுதல் நலம். விலகினாலும் பொறியியல் பட்டத்திற்கு ஊறு இல்லை, படித்தவையும் வீண்போகா. சில இடங்களில் தனிக்கட்டணமும் உண்டு; அதனையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டுப் பெற்றோருக்கும் ஒரு சொல். 2018இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக்குழு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், பொறியியல் பட்டத்திற்கு 160 கிரெடிட்டும், ஆனர்ஸ் வேண்டுவோருக்குக் கூடுதலாக 20 கிரெடிட்டும் வகுத்தது. பெயர் ஒன்றே, பொருள் வேறு. அமெரிக்க ஆனர்ஸ் பொறியியலுக்கு வெளியே அகலச் செல்வது. இது பெரும்பாலும் மேலும் பாடங்களைச் சேர்ப்பது. முன்னதில் இணைத்தல் இயலும். பின்னதில் கூட்டலே உண்மைக் கணக்கு. விளம்பரத்தில் ‘ஆனர்ஸ்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் மயங்காமல், எந்த ஆனர்ஸ் என்று கேளுங்கள்.

ஒரு தாளில் எட்டுப் பருவங்கள்

இவற்றையெல்லாம் கேட்டபின் ஆசிரியர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். “அப்படியானால் நான் யார் பக்கமும் பேசக்கூடாது, சாமி. கணக்கின் பக்கம் பேச வேண்டும்” என்றார். கோபுரம் கட்டுமுன் அமர்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றிய நற்செய்தி உவமை நம் நினைவுக்கு வந்தது.

அன்றிரவே பேத்தியைத் தொலைபேசியில் அழைத்தாராம். பழைய பள்ளிக்கூடப் பழக்கப்படி ஒரு பெரிய தாளில் கோடு கிழித்து, எட்டுப் பருவங்களுக்கும் எட்டுக் கட்டங்கள் வரைந்தார். அவள் அங்கிருந்து பாடங்களைப் படிக்கப் படிக்க, இவர் இங்கே எழுதினார். எந்தப் பாடத்திற்கு எது முன்பாடம், எந்த ஆனர்ஸ் வகுப்பு எந்தப் பொதுப்பாடத்திற்கு ஈடாகும், ஒப்பந்தம் கேட்கத்தக்க பாடங்கள் எவை, ஆய்வேடு எந்தப் பருவத்தில் தொடங்கும் என்று மூன்று இரவுகள் இருவரும் கணக்கிட்டார்கள். ஏழு கட்டங்கள் அடங்கின. ஐந்தாவது மட்டும் 19 கிரெடிட்டாக வழிந்தது. பாய்ம இயக்கவியலும் ஆனர்ஸ் வகுப்பும் ஆய்வுக்கூடமும் அங்கே மோதிக்கொண்டன. ஒரு பொதுப்பாடத்தைக் கோடை விடுமுறைக்கு நகர்த்தினால் சரியாகும் என்று பேத்தியே கண்டுபிடித்தாள்.

அத்தாளின் படத்தைத் தந்தைக்கு அனுப்பியது யார்? பேத்திதான். வாதாடவில்லை, தாளை மட்டும் அனுப்பினாள். கீழே ஒரு வரி எழுதியிருந்தாளாம்: முதலாண்டு முடிவில் சராசரி 3.3க்குக் கீழே இறங்கினால், தானே ஆனர்ஸை விட்டுவிடுவதாக. இரண்டு நாள் கழித்துத் தந்தை அவளை அழைத்து, ஐந்தாம் பருவத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாராம். அந்த வீட்டில் பேச்சு மீண்டும் தொடங்கியது அந்தக் கேள்வியில்தான்.

ஏப்ரல் இறுதியில் அவள் இரண்டுக்கும் சம்மதக் கடிதம் அனுப்பினாள். முதற்பருவம் முடிந்திருக்கிறது. இயற்பியலில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆனர்ஸ் வகுப்பில் எதிர்பார்த்ததைவிட நன்று. சராசரி 3.4. கோட்டுக்குச் சற்றே மேல். “இன்னும் ஒரு பருவம் இருக்கிறது, சாமி” என்கிறார் ஆசிரியர். அவர் வீட்டுச் சுவரில் திருக்குடும்பப் படத்திற்குக் கீழே அந்தத் தாள் ஒட்டப்பட்டிருப்பதை, வீடு மந்திரிக்கச் சென்றபோது நாமே கண்டோம். முதற்கட்டத்தில் பென்சிலால் ஒரு சரிக்குறி இருந்தது. மற்ற ஏழும் காத்திருக்கின்றன.

அன்புப் பெற்றோரே! காளை இரண்டு இருந்தால் மட்டும் வண்டி ஓடிவிடாது. ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் இழுத்தால் வண்டி குடைசாயும். நுகத்தில் பூட்டத் தெரிய வேண்டும். சுமையை அளந்து ஏற்ற வேண்டும். இளைத்தால் அவிழ்த்துவிடவும் மனம் வேண்டும். உங்கள் பிள்ளை இத்தகைய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டும்போது, உடனே ‘சேர்’ என்றோ ‘கூடாது’ என்றோ சொல்லிவிடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, எட்டுக் கட்டம் வரைந்து, பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள்.